பின் வைப்பர் பாதியில நின்னுக்குது, தண்ணியும் அடிக்கல: வீட்டிலேயே சரி பண்ண முடியுங்களா?

கொழிஞ்சாம்பாறை வண்டி:
வணக்கங்க. 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடிச்சதுல இருந்து ரெண்டு கோளாறு.

ஒண்ணு, பின் வைப்பர் சுவிட்ச் போட்டா ‘உம்’முனு சத்தம் மட்டும் வருது, வைப்பர் கை அசையல. விரலால லேசா தள்ளிவிட்டா கொஞ்ச தூரம் ஏறி கண்ணாடி நடுவுல நின்னுக்குது.

ரெண்டு, முன் கண்ணாடிக்குத் தண்ணி நல்லா அடிக்குது. பின்னாடிக்கு அழுத்தினா பம்ப் ஓடுற சத்தம் கேக்குது, ஒரு சொட்டு வரல. டிக்கியில இடது ஓரக் கார்பெட் ஈரமா இருக்குது.

ஃபியூஸ் பாத்தாச்சு, நல்லாருக்கு. கழட்டிப் பாக்காமயே மோட்டார் மாத்தணும்னு ஒரு வொர்க் ஷாப்ல சொல்றாங்க. மல்டிமீட்டர், ஸ்பேனர் செட் கையில இருக்கு.

வேலந்தாவளம் ஸ்பேனர்:
மோட்டார் எரிஞ்சிருந்தா பெரும்பாலும் சத்தமே வராதுங்க. உம்முனு முனகுதுன்னா கரண்ட் போகுது, தண்டு சுத்த மாட்டேங்குது. முதல் வேலையா வைப்பர் ஃபியூஸைப் பிடுங்கி வெச்சிருங்க. பூட்டிக்கிட்ட மோட்டாருக்குத் திரும்பத் திரும்பக் கரண்ட் குடுத்தா, உள்ள நல்லா இருக்கிற கம்பிச்சுருளும் (காயில்) சூடேறிப் போயிரும்.

ஏன் பூட்டிக்குதுன்னா: கண்ணாடிக்கு வெளிய வர்ற தண்டைச் சுத்தி சின்ன ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஒண்ணு இருக்கும். நம்ம பக்கம் மாசி, பங்குனி வெயில்ல அது காஞ்சு வெடிக்கும். அப்புறம் மழைத்தண்ணி தண்டு வழியா உள்ள இறங்கும். தண்டு இரும்பு, அது உக்காந்திருக்கிற குழல் அலுமினியம். நடுவுல ஈரம் நின்னா அலுமினியம் வெள்ளைப் பொடியாப் பூத்துத் தண்டை இறுக்கிக் கவ்விக்கும். கோளாறு அந்த ஒரு ஓ-ரிங்ல ஆரம்பிக்குது, பழி மோட்டார் மேல விழுது.

கழட்டுறப்போ, கை இப்ப நிக்கிற இடத்தை விட்டுட்டு, வழக்கமா ஓய்வுல நிக்கிற இடத்துல கண்ணாடி மேல மாஸ்கிங் டேப் ஒட்டிக்குங்க. மூடியைத் தூக்கினா நட்டு தெரியும், பல வண்டியில 10 இல்லைன்னா 12 ஸ்பேனர். நட்டை முழுசாக் கழட்டாம, ரெண்டு மரை மிச்சம் இருக்கிற மாதிரி தளர்த்தி விடுங்க. துருவெண்ணெய் (துருவை இளக்குற ஸ்ப்ரே) அடிச்சு அரை மணி நேரம் விட்டுட்டு, கையை இடவலமா ஆட்டி ஆட்டி எடுங்க. ஸ்க்ரூடிரைவரைக் கண்ணாடியில முட்டுக்குடுத்து நெம்பவே கூடாது. அது டெம்பர்டு கண்ணாடி, ஒரு புள்ளியில அழுத்தம் விழுந்தா மொத்தமும் பொடிப்பொடியாக் கொட்டும். வராம அடம் பிடிச்சா பேட்டரி டெர்மினல் புல்லர் போட்டு இழுங்க.

உள்பக்க பிளாஸ்டிக் பேனலை இழுத்தா கிளிப் ஒவ்வொண்ணா விடும். மோட்டாரைப் பெரும்பாலும் மூணு 10 போல்ட் பிடிச்சிருக்கும். கழட்டி மேசை மேல வெச்சுட்டு எழுதுங்க, மிச்சத்தைச் சொல்றேன்.

கோபாலபுரம் டீசல்:
எதுக்குங்க இவ்வளவு பாடு? கோயம்புத்தூர் உக்கடத்துல பழைய மோட்டார் ஒண்ணு வாங்கி மாட்டினா முடிஞ்சுதே.

வேலந்தாவளம் ஸ்பேனர்:
வாங்கலாம். ஆனா அதுலயும் அதே வயசு ஓ-ரிங்தான் இருக்கும். அடுத்த மழைக்கு இதே கேள்வி வரும்.

வாளையார் ஹோஸ்:
தண்ணிக் கதை தனிங்க. முன்னாடி அடிக்குது, பின்னாடி வரல, கார்பெட் ஈரம்: ஹோஸ் எங்கயோ ஒட்டு விட்டிருக்கு. சில வண்டியில முன்னுக்கும் பின்னுக்கும் ஒரே பம்ப்தான், மோட்டார் எந்தப் பக்கம் சுத்துதோ அந்த வாய் வழியாத் தண்ணி போகும். சிலதுல ரெண்டு பம்ப். உங்களுக்குச் சத்தம் வர்றதால பம்பை இப்போதைக்கு விட்டுருங்க.

தேட வேண்டிய முதல் இடம், கூரைக்கும் டிக்கிக் கதவுக்கும் நடுவுல இருக்கிற மடிப்பு ரப்பர் குழல். கதவு திறந்து மூடுற ஒவ்வொரு தடவையும் அதுக்குள்ள ஹோஸும் வயரும் மடங்குது. ரப்பரோட ரெண்டு முனையையும் பிதுக்கி வெளிய எடுங்க, உள்ள ஒரு பிளாஸ்டிக் ஒட்டு இருக்கும். அங்க இல்லைன்னா இடது பின் தூணோட உள் பேனலைக் கழட்டிப் பாக்கணும்.

எந்த ஒட்டு கசியுதுன்னு தெரியலைன்னா ஒவ்வொண்ணுலயும் காஞ்ச டிஷ்யூ பேப்பரைச் சுத்திட்டு, ஒருத்தர் உள்ள உக்காந்து 5 நொடி அழுத்தட்டும். நனைஞ்ச பேப்பர் காட்டிக்குடுத்துரும். எதுவுமே நனையலைன்னா அது மழைத்தண்ணி, பின் லைட்டுக்குப் பின்னாடி தண்ணியைத் தடுக்கிற கேஸ்கட்டைப் பாருங்க.

கொழிஞ்சாம்பாறை வண்டி:
ரெண்டு பேருக்கும் நன்றிங்க. மடிப்பு ரப்பருக்குள்ளதான் ஹோஸ் கழண்டு கிடந்துச்சு, நுனி கல்லு மாதிரி இறுகி வாய் கீறியிருக்கு. கூடவே இன்னொண்ணு: ரெண்டு வயர்ல தோல் வெடிச்சு செம்பு பச்சை பூத்துத் தெரியுது. மோட்டாரும் மேசைக்கு வந்தாச்சு, சொன்ன மாதிரியே தண்டைச் சுத்தி வெள்ளைப் பொடி.

வாளையார் ஹோஸ்:
ஹோஸ் நுனியில 2 செ.மீ. வெட்டி எறிஞ்சுட்டு, வெந்நீர்ல அரை நிமிஷம் முக்கி, சூடு ஆறுறதுக்குள்ள ஒட்டுல ஏத்துங்க. ஆறினதும் தானா இறுகிப் பிடிச்சுக்கும். நீளம் பத்தலைன்னா மீன் தொட்டிக் கடையில ஏர் பம்புக்கு விக்கிற 4 மி.மீ. உள் துளை டியூப் பல வண்டிக்குச் சரியா வரும். அவசரத்துக்கு மட்டும், வெயில்ல சீக்கிரம் இறுகிரும்.

அதே கடையில ஒன்வே வால்வும் (தண்ணியை ஒரே பக்கமா மட்டும் விடுறது) கிடைக்கும். அழுத்தி ரொம்ப நேரம் கழிச்சுத்தான் தண்ணி வருதுன்னா வழியில இருக்கிற வால்வு பழுது, ஹோஸ்ல இருந்த தண்ணி திரும்பத் தொட்டிக்கே ஓடிருதுன்னு அர்த்தம். மாட்டுறப்போ அம்புக்குறி நாஸில் (கண்ணாடியில தண்ணி பீச்சுற வாய்) பக்கம் பாக்கணும். திருப்பி மாட்டிட்டுப் பம்பைத் திட்டுறவங்க நிறையப் பேர்.

நாஸிலைத் தனியாக் கழட்டி வினிகர்ல ஒரு மணி நேரம் போடுங்க. நம்ம போர் தண்ணி ஊத்தினா சுண்ணாம்பு படிஞ்சு துளை அடையும், ஊசி வெச்சுக் குத்தினா அப்போதைக்குத்தான். இனிமேல் ஏசியில சொட்டுற தண்ணியோ மழைத்தண்ணியோ ஊத்துங்க.

வயருக்கு: வெடிச்ச இடத்துலயே முறுக்கி டேப் சுத்தாதீங்க. மடங்குற இடத்துல ஒட்டு நிக்காது. ரெண்டு பக்கமும் வெட்டிட்டு, அதே பருமன்ல வளையற மெல்லிழை வயர் 20 செ.மீ. சேர்த்து, ஒரு ஒட்டு கூரைக்குள்ளயும் இன்னொண்ணு கதவுக்குள்ளயும் வர்ற மாதிரி ஈயம் வெச்சுப் பத்தவைங்க. மேல ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினா சுருங்கிப் பிடிக்கிற குழல்). ரப்பருக்குள்ள ஒட்டில்லாத வயர் மட்டும் இருக்கணும். வேலை தொடங்குறதுக்கு முன்னாடி பேட்டரி மைனஸைக் கழட்டிருங்க.

வேலந்தாவளம் ஸ்பேனர்:
இனி தண்டு. மேல இருக்கிற லாக்கையும் வாஷரையும் (இரும்பு வளையத்தைச் சொல்றேன், தண்ணி அடிக்கிற வாஷர் இல்ல) எடுக்கிறப்போ வரிசையை மொபைல்ல படம் பிடிச்சுக்குங்க. துருவெண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊறட்டும். காலையில நட்டைத் தண்டு நுனியோட சமமா ஏத்திட்டு, மரக்கட்டை வெச்சு லேசாத் தட்டுங்க. நட்டு இல்லாம தட்டினா மரை நசுங்கும், அப்புறம் நிஜமாவே புது மோட்டார்தான்.

தண்டை 600 நம்பர் உப்புத்தாள்ல வழுவழுன்னு வர்ற வரைக்கும் தேய்ங்க. குழலுக்குள்ள அதே தாளைச் சுருட்டி விட்டுப் பொடியை மட்டும் எடுங்க, அலுமினியத்தைச் சுரண்டிப் பெருசாக்கிட்டா தண்டு ஆடும், புது ஓ-ரிங்கும் தண்ணியை நிறுத்தாது. பழைய ரிங்கைக் கடைக்கு எடுத்துட்டுப் போய் அளவு வெச்சு வாங்குங்க.

பூட்டுறப்போ தண்டுக்கும் பல்சக்கரத்துக்கும் லித்தியம் கிரீஸ், ரிங்குக்கு சிலிகோன் கிரீஸ். துருவெண்ணெயை அப்படியே விட்டுட்டுப் பூட்டிராதீங்க, அது கிரீஸைக் கரைச்சுட்டுக் காஞ்சு போயிரும். பல்சக்கரத்துல செம்புத் தடம் ஒண்ணு தெரியும், வைப்பரை ஓய்வு இடத்துல நிறுத்துறது அதுதான். அதைப் பென்சில் ரப்பரால துடைங்க, கிரீஸ் அப்பிராதீங்க.

பிடுங்கின ஃபியூஸையும் பேட்டரி மைனஸையும் திரும்ப மாட்டிட்டு, வைப்பர் கையை மாட்டாம கனெக்டரை மட்டும் சொருகி, ஒரு தடவை ஓட விட்டு நிறுத்துங்க. தண்டு தானா ஓய்வு இடத்துக்கு வந்து நின்னதும், டேப் ஒட்டின இடத்துல கையை வெச்சு நட்டைப் போடுங்க. இதை மாத்திச் செஞ்சா கை கண்ணாடியைத் தாண்டிப் போய் பெயின்ட்டை இழுக்கும்.

கொழிஞ்சாம்பாறை வண்டி:
எல்லாம் மாட்டியாச்சுங்க. கை முழுசா ஏறி இறங்கி டேப் இடத்துல நிக்குது. தண்ணியும் வருது, ஆனா கண்ணாடியில விழாம மேலயே தாண்டிப் போகுது.

வாளையார் ஹோஸ்:
நாஸில் துளை ஒரு சின்ன உருண்டையில இருக்குதான்னு பாருங்க. இருந்தா துளையில குண்டூசியைச் சொருகி, உருண்டையை ஒரு இம்மி கீழ திருப்புங்க. கதவை மூடி வெச்சுட்டுத்தான் திருப்பணும், திறந்து வெச்சா கோணம் தப்பிரும்.