300 லிட்டர் டர்போ இருந்தும் 8×10⁻⁶-லயே நிக்குது, பேக் பண்ணலாமா?

மென்படலம்_எம்எஸ்சி:
எம்.எஸ்சி. இரண்டாம் வருஷ புராஜெக்ட், தெர்மல் எவாப்பரேஷன்ல (வெற்றிடத்துல உலோகத்தைச் சூடாக்கி ஆவியாப் படிய வைக்கிறது) அலுமினியம் படலம். எஸ்.எஸ். 304 சேம்பர், உள்விட்டம் 40 செ.மீ., உயரம் 50 செ.மீ. மேல்மூடிக்கு வைட்டான் (ஒரு வகை ரப்பர்) ஓ-ரிங். 300 லிட்டர்/வினாடி டர்போ பம்ப், பின்னாடி ரோட்டரி பம்ப். சேம்பருக்கும் டர்போவுக்கும் நடுவுல கேட் வால்வு, அப்புறம் 40 மி.மீ. உள்விட்டத்துல 50 செ.மீ. நீள பெல்லோஸ் (வளையக்கூடிய மடிப்புக் குழாய்). 12 மணி நேரம் ஓடினாலும் 8×10⁻⁶ மில்லிபாருக்குக் கீழே இறங்கல. 5×10⁻⁷ வேணும். ஹீட்டிங் டேப் சுத்தி பேக் பண்ணச் சொல்றாங்க (சேம்பரைச் சூடாக்கிச் சுவர்ல ஒட்டின தண்ணியை விரட்டுறது). வேக்யூம் பேப்பர்ல பம்ப் வகையெல்லாம் படிச்சோம், ஆனா இந்த மாதிரி நேரத்துல எங்கிருந்து ஆரம்பிக்கணும்னு தெரியல.

குழாய்க்கணக்கு:
டேப்பை எடுத்து வைங்க, முதல்ல பெல்லோஸைப் பாருங்க. மூலக்கூறு ஓட்டத்தில் நீளமான குழாயின் கடத்தல் (வினாடிக்கு எத்தனை லிட்டர் விடும் என்பது) = 12.1 × விட்டத்தின் மும்மடி ÷ நீளம், எல்லாம் செ.மீ.-ல். உங்களுக்கு 12.1 × 64 ÷ 50 = 15.5 லிட்டர்/வினாடி. குழாய் வாயின் தடையையும் சேர்த்தால் 14. இதைப் பம்புடன் தொடராக இணைத்தால் சேம்பருக்குக் கிடைப்பது சுமார் 13. பெல்லோஸின் மடிப்புகள் இன்னும் கொஞ்சம் தின்னும். காசு கொடுத்து வாங்கிய 300-ல் 287 குழாயிலேயே போச்சு. 100 மி.மீ. விட்டத்தில் 20 செ.மீ. நேர்க்குழாய் போட்டால் சுமார் 160 கிடைக்கும்.

ஆனால் குழாய் மட்டும் காரணம் இல்லை. 13 × 8×10⁻⁶ = சுமார் 1×10⁻⁴ மில்லிபார் லிட்டர்/வினாடி வாயு உள்ளே வந்துகொண்டிருக்கிறது. பேக் செய்யாத சுத்தமான ஸ்டீல், பம்ப் போட்டு ஒரு மணி நேரத்தில் ச.செ.மீ.க்கு 4×10⁻⁹ மில்லிபார் லிட்டர்/வினாடி அளவில் தண்ணீர் விடும். நேரத்துக்கு எதிர்விகிதத்தில் அது குறையும். உங்கள் உள்பரப்பு 8,800 ச.செ.மீ. 12 மணி நேரம் கழித்து ஸ்டீலின் பங்கு 3×10⁻⁶. ஓ-ரிங்கையும் உள்ளே இருக்கும் சாமானையும் தாராளமாகச் சேர்த்து 1×10⁻⁵ என்றே வைத்துக்கொண்டாலும் வருவது அதைப் போலப் பத்து மடங்கு. எங்கேயோ ஒழுகுகிறது.

ஒழுகல்:
மேலே சொன்னது சரி, ஆனா கணக்கை நம்பி ஸ்பேனர் எடுக்காதீங்க தம்பி, அளந்து பாருங்க. கேட் வால்வை மூடி, பென்னிங் கேஜை (குறைஞ்ச அழுத்தம் அளக்கிற மீட்டர்) அணைச்சிடுங்க (அதுவே கொஞ்சம் பம்ப் பண்ணும்). பைரானி கேஜ்ல ஒரு மணி நேரம் அழுத்தத்தைக் குறிங்க. கொள்ளளவு 63 லிட்டர், அதனால 10 நிமிஷத்துக்கு 1×10⁻³ ஏறணும். நேர்கோடா ஏறிக்கிட்டே போனா ஒழுகல். வேகமா ஏறி அப்புறம் வளைஞ்சு படுத்தா சுவர்லேர்ந்து வர்ற தண்ணி. பைரானி 10⁻³-க்குக் கீழே சொல்றதைப் பெருசா எடுத்துக்க வேணாம்.

மென்படலம்_எம்எஸ்சி:
பார்த்துட்டேன் அண்ணா. 20 நிமிஷம் 2.1, 40-ல 4.1, 60-ல 6.2, எல்லாம் ×10⁻³. நேர்கோடுதான். பக்கத்து லேப்ல ஹீலியம் டிடெக்டர் (வெளியே ஊதுற ஹீலியம் ஓட்டை வழியா உள்ளே வந்தா காட்டுற கருவி) ஒரு நாளைக்குக் கிடைக்கும்.

ஒழுகல்:
டிடெக்டரை சேம்பர்ல மாட்டாதீங்க. டர்போ ஓடிக்கிட்டிருக்கும்போது அதோட பின்பக்க லைன்ல (டர்போவுக்கும் ரோட்டரிக்கும் நடுவுல) மாட்டுங்க. ஹீலியம் ட்யூபைத் தண்ணில விட்டா வினாடிக்கு ஒண்ணு ரெண்டு குமிழி வரணும், அவ்வளவு போதும். ஹீலியம் மேலே ஏறும், அதனால மூடியிலேர்ந்து ஆரம்பிச்சுக் கீழே வாங்க. 63-ஐ 13-ஆல வகுத்தா 5 வினாடி, சேம்பர்ல வாயு மாற ஆகுற நேரம் அந்த அளவு. ஒவ்வொரு இடத்துலயும் 15 வினாடியாவது நில்லுங்க, இல்லேன்னா டிடெக்டர் அடிக்கும்போது நீங்க அடுத்த ஃப்ளாஞ்ச்ல இருப்பீங்க.

ஓ-ரிங் மேல ரொம்ப நேரம் ஊதினா ஹீலியம் வைட்டானுக்குள்ளேயே ஊடுருவி வரும். சில வினாடியில துள்ளினா ஓட்டை. நிமிஷக்கணக்குல மெதுவா ஏறினா ஊடுருவல், அதைத் துரத்தாதீங்க.

எவாப்பரேஷன் செட்டப்ல எனக்கு முதல் சந்தேகம் கரன்ட் ஃபீட்த்ரூ (மின்சாரத்தை உள்ளே கொண்டுபோற முனை) மேலதான். போட் (உலோகத்தை ஆவியாக்குற தட்டு) சூட்டுல அங்கே இருக்கிற ஓ-ரிங் இறுகி விரிசல் விடும். அடுத்தது ஷட்டர் கைப்பிடித் தண்டு. மூடியில ஓ-ரிங் உக்காருற பள்ளத்துக்குக் குறுக்கே நகத்துல தட்டுப்படுற கீறல் ஒண்ணு இருந்தாலே இந்த அளவு ஒழுகும். அதை வட்டத்தோட போக்குலயே தேய்க்கணும், குறுக்கே தேய்ச்சா புதுசா ஓட்டை போட்ட மாதிரி. க்ரீஸ் அப்பி மறைக்காதீங்க, சிலிகான் க்ரீஸ் உங்க கண்ணாடித் தகட்டுக்கு வந்து படலத்தை உரிச்சிடும். அசிட்டோன் தெளிச்சுத் தேடுறதும் வேண்டாம், வைட்டான் ஊதிடும்.

வெளியே எங்கேயுமே சிக்கலேன்னா உள்ளே பாருங்க. அடி மூடின துளையில முறுக்கின ஸ்க்ரூவுக்குக் கீழே அடைபட்ட காத்து மெல்ல மெல்ல வரும், ஹீலியத்துக்கு அது தெரியாது. நடுவுல துளை போட்ட ஸ்க்ரூ மாத்தணும்.

குழாய்க்கணக்கு:
ஒரு எச்சரிக்கை. ஒழுகலை விட்டுவிட்டுக் குழாயை மட்டும் மாற்றினாலும் கேஜ் 7×10⁻⁷ பக்கம் காட்டும், ஆளை ஏமாற்றும். உள்ளே வருவது காற்று, அதில் ஆக்சிஜன். 10⁻⁶ மில்லிபாரில் ஒரு பரப்பை ஓர் அடுக்கு மூலக்கூறு மூட இரண்டு மூன்று வினாடி போதும். அலுமினியம் மங்கிப்போகும். ஒழுகலை மட்டும் அடைத்தால் 8×10⁻⁷ வரும், அதுவும் போதாது. இரண்டையும் செய்தால் பேக் இல்லாமலே 10⁻⁷-க்குள் இறங்கிவிடும்.

பயிற்சிக்கு இந்தியன் வேக்யூம் சொசைட்டியின் குறுகிய கால வகுப்புகள் இருக்கின்றன. எங்கே சேர்ந்தாலும், டிடெக்டரை உங்கள் கையில் கொடுப்பார்களா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.