பேலன்ஸ் கிளினிக்கில் வேலை பார்க்க இன்டர்ன்ஷிப்பிலேயே எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

இன்டர்ன்24 கேட்டது:

வணக்கம். பி.ஏ.எஸ்.எல்.பி. (கேட்டல், பேச்சு இளநிலைப் பட்டம்) மூன்று வருட வகுப்புகள் முடிந்து இன்டர்ன்ஷிப் தொடங்குகிறது. தலைசுற்றல், தள்ளாட்டம் என்று வருபவர்களைப் பார்க்கும் பிரிவில் வேலை செய்ய ஆசை. இந்தப் பட்டமே போதுமா, எம்.எஸ்சி. ஆடியாலஜி வேண்டுமா? எங்களிடம் வி.என்.ஜி. (கண் அசைவைப் பதியும் கருவி) இருக்கிறது; வீ-ஹிட் (தலையைச் சட்டென்று திருப்பிக் கண் அசைவைக் கேமராவால் அளப்பது), வெம்ப் (சத்தத்துக்குத் தசை காட்டும் துடிப்பை அளப்பது) இல்லை. அதனால் பின்தங்கிவிடுவேனா? கலோரிக் டெஸ்டை (காதுக்குள் சூடும் குளிரும் கொடுத்துக் கண் அசைவை அளப்பது) ஒரே ஆளுக்கு இரண்டு நாள் செய்தால் இரண்டு விதமாக எண் வருகிறது. எங்கே தவறு நடக்கிறது? சீனியர்கள் சொல்லுங்கள்.

நத்தையெலும்பு:

தம்பி, சட்டப்படி பி.ஏ.எஸ்.எல்.பி.யும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் (ஆர்.சி.ஐ.) பதிவும் இருந்தால் வேலை பார்க்கலாம். இன்டர்ன்ஷிப் சான்றிதழ் கைக்கு வந்ததும் பதிவுக்கு விண்ணப்பித்துவிடு. பதிவில்லாமல் தொழில் செய்வது 1992ஆம் வருட ஆர்.சி.ஐ. சட்டத்தின் 13ஆம் பிரிவுப்படி குற்றம்.

ஆனால் பேலன்ஸ்தான் குறி என்றால் எம்.எஸ்சி. ஆடியாலஜி இரண்டு வருடமும் படி. இளநிலையில் பேச்சும் கேட்டலும் சேர்ந்து வருவதால் வெஸ்டிபுலாருக்கு (உள்காதின் சமநிலைப் பகுதி) கிடைக்கும் நேரம் குறைவு. மைசூரு அகில இந்திய பேச்சு, கேட்டல் நிறுவனம், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா இரண்டுக்கும் முயற்சி செய். வேறு எந்தக் கல்லூரியானாலும் சேருமுன் இரண்டு விஷயம் விசாரி. மாணவர்களே கையால் டெஸ்ட் செய்கிறார்களா, நியூராலஜி பிரிவிலிருந்து நோயாளிகள் வருகிறார்களா? இரண்டும் இல்லாத இடத்தில் கருவி மட்டும் இருந்து பயனில்லை.

பேலன்ஸ் மட்டும் பார்க்கும் வேலை நம் பக்கம் குறைவு. பெரும்பாலும் இ.என்.டி. ஆஸ்பத்திரியில் ஆடியோகிராம் (கேட்கும் திறன் வரைபடம்), இம்பிடன்ஸ் (நடுக்காதுச் சோதனை), பெரா (கேட்டல் நரம்புச் சோதனை), காது மெஷின் டிரயல் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் தலைசுற்றல் நோயாளி வருவார். அதனால் கேட்டல் பக்கத்தைக் கைவிடாதே. பாதி விடை அங்கேதான் இருக்கிறது. மெனியர் நோய் (சுற்றலும் கேட்டல் குறைவும் வரும் உள்காது நோய்) உறுதியாக வேண்டுமானால், 2000 ஹெர்ட்ஸுக்குக் கீழே அடுத்தடுத்த இரண்டு அலைவரிசைகளில் பாதித்த காதின் உள்காதுக் குறைபாடு மற்றதைவிட 30 டெசிபலாவது கூடுதலாக இருக்க வேண்டும். மாஸ்க்கிங் (மற்ற காதில் இரைச்சல் கொடுத்து மறைப்பது) சரியாகச் செய்யாத ஆடியோகிராமை நம்பி இதை எப்படிச் சொல்வது? தாழ்ந்த அலைவரிசையில் ஏர்-போன் கேப் (காற்று வழி, எலும்பு வழிக் கேட்டலுக்கு இடையிலான வித்தியாசம்) இருந்தும் அக்கூஸ்டிக் ரிஃப்ளெக்ஸ் (சத்தத்துக்கு நடுக்காதுத் தசை சுருங்குவது) நன்றாக வந்தால், நடுக்காதைக் குறை சொல்லுமுன் மேல் அரைவட்டக் கால்வாயின் (உள்காதில் தலை அசைவை உணரும் குழாய்களில் ஒன்று) எலும்பில் திறப்பு இருக்கிறதா என்று யோசி.

அரைவட்டம்:

கலோரிக் எண் ஆடுவதற்குக் கருவியைவிட நாம் செய்யும் முறைதான் பெரும்பாலும் காரணம்.

முதலில் ஓட்டோஸ்கோப்பால் காதுக்குள் பாருங்கள். ஒரு பக்கம் குறும்பி அடைத்திருந்தால் சூடு உள்ளே போகாது, நல்ல காதும் பலவீனமாகத் தெரியும். வலது காதில் வெந்நீருக்கு 12, குளிர்நீருக்கு 10. இடதில் 22, 26 என்று வைத்துக்கொள்ளுங்கள் (நிஸ்டாக்மஸ், அதாவது கண் தானாக ஆடுவது; அதன் மெதுவான அசைவு, விநாடிக்கு இத்தனை டிகிரி). வலது மொத்தம் 22, இடது மொத்தம் 48, வித்தியாசம் 26. அதை இரண்டும் சேர்ந்த 70ஆல் வகுத்தால் 37 சதவீதம். 25ஐத் தாண்டியதால் வலது உள்காது பலவீனம் என்று ரிப்போர்ட் போய்விடும். குறும்பியை எடுத்தபின் அதே காது 20, 21 தந்தால் வித்தியாசம் 8 சதவீதம்தான், நார்மல்.

செவிப்பறையில் ஓட்டை இருந்தால் தண்ணீர் கூடவே கூடாது. காற்றிலும் ஏமாற்றம் உண்டு. ஈரமான நடுக்காதில் சூடான காற்று படும்போது ஈரம் ஆவியாகிக் குளிர்வதால் நிஸ்டாக்மஸ் எதிர்ப்பக்கம் அடிக்கலாம்.

தண்ணீர் 30, 44 டிகிரி செல்சியஸ், 30 விநாடியில் 250 மி.லி. காற்று என்றால் 24, 50 டிகிரி, 60 விநாடியில் 8 லிட்டர். மல்லாந்து படுத்து தலை 30 டிகிரி உயர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் பக்கவாட்டுக் கால்வாய் செங்குத்தாக நிற்கும். தலையணை அமுங்கி 15 டிகிரிக்கு இறங்கினாலும் எண் குறையும். ஒவ்வொரு முறைக்கும் இடையே 5 நிமிடம் விட வேண்டும். கூட்டம் அதிகம் என்று 2 நிமிடத்தில் அடுத்ததை ஊற்றுவது நான்கு எண்ணையும் கெடுத்துவிடும்.

அதிகம் கவனிக்காமல் விடுவது மனதை விழிப்பாக வைப்பது. நோயாளி பேசாமல் கண்ணயர்ந்தால் நிஸ்டாக்மஸ் அமுங்கிவிடும். 100லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வது எல்லோருக்கும் வராது. வீட்டிலிருந்து டவுனுக்குப் பஸ் நிற்கும் ஊர்களை வரிசையாகக் கேளுங்கள், சொந்தக்காரர் பெயர்களைக் கேளுங்கள். நான்கு முறையும் ஒரே அளவு பேச வைக்க வேண்டும். முதல் ஊற்றலில் பயத்தால் எண் கூடுவதுண்டு. மற்ற மூன்றோடு ஒட்டாமல் நின்றால் கடைசியில் அதைத் திரும்பச் செய்யுங்கள்.

வீ-ஹிட் இல்லாதது பின்னடைவே இல்லை. ஹால்மாகி, கர்த்தாய்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1988இல் ஹெட் இம்பல்ஸை (தலையைச் சட்டென்று திருப்பும்போது கண் இலக்கிலேயே நிற்கிறதா என்று பார்ப்பது) சொன்னபோது வெறும் கண்ணால்தான் பார்த்தார்கள். 10 முதல் 20 டிகிரிக்குள் சட்டென்று, எந்தப் பக்கம் என்று நோயாளி ஊகிக்காதபடி திருப்பப் பழகுங்கள். நாளைக்குக் கருவி கிடைத்தாலும் இதே கைதான் வேண்டும். வீ-ஹிட்டில் பெரிய சிக்கல், கேமரா உள்ள கண்ணாடியின் பட்டை தளர்வது. கண்ணாடி வழுக்கினால் கெயின் (தலை அசைவுக்கு எதிரான கண் அசைவின் விகிதம்) 1.2க்கு மேல் போகும், அதை நல்ல முடிவு என்று எடுத்துக்கொள்வார்கள். திருப்பும்போது விரல் பட்டையில் படக்கூடாது. கண்ணில் மை இருந்தால் கேமரா கண் பாப்பாவை விட்டு மையைப் பிடித்துக்கொள்ளும்.

நடுக்காது:

இரண்டு பேரும் சொன்னதற்கு முந்தைய படி ஒன்று இருக்கிறது. நோயாளி சொல்லும் சொல்லை அப்படியே ‘வெர்டிகோ’ என்று கேஸ் ஷீட்டில் எழுதாதீர்கள். ‘மயக்கமா வருது’ என்பது நம் ஊரில் சுற்றலுக்கும் சொல்வார்கள், நினைவு தப்புவதற்கும் சொல்வார்கள், சர்க்கரை இறங்கித் தளர்வதற்கும் சொல்வார்கள். ‘பித்தம்’, ‘பி.பி. ஏறிடுச்சு’ என்பது அவர்களாக ஊகித்த காரணம், அறிகுறி அல்ல. ‘வீடு சுத்துச்சா, நீங்க தள்ளாடினீங்களா, கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சா?’ என்று கேளுங்கள். இருட்டினால் படுக்கவைத்து ஒரு முறையும், எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் ஒரு முறையும் பி.பி. எடுக்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் முதலில் போக வேண்டியது பொது மருத்துவரிடம்.

பிறகு நேரம். படுக்கையில் புரளும்போது சில விநாடி என்றால் பி.பி.பி.வி. (உள்காதுத் துகள் இடம் மாறுவதால் வரும் சுற்றல்). 20 நிமிடம் முதல் 12 மணி நேரம், கூடவே காது அடைப்பும் இரைச்சலும் என்றால் மெனியர். நாள்கணக்கில் விடாமல் சுற்றினால் நரம்பு அழற்சியாகவும் இருக்கலாம், மூளைப் பக்கவாதமாகவும் இருக்கலாம்.

இன்டர்ன்ஷிப் முடிவதற்குள் டிக்ஸ்-ஹால்பைக் (பி.பி.பி.வி.யைக் கண்டுபிடிக்கப் படுக்கவைத்துப் பார்க்கும் சோதனை) உங்கள் கையில் பதிந்திருக்க வேண்டும். கழுத்து வலி, கழுத்து ஆபரேஷன் பற்றிக் கேட்டபின் தலையை 45 டிகிரி திருப்பி, வேகமாகப் படுக்கவைத்து, 20 டிகிரி பின்னால் சாயுங்கள். கண்ணை மூடத்தான் பார்ப்பார்கள், திறந்தே வைக்கச் சொல்லுங்கள். உடனே ஒன்றும் வராது, 30 விநாடியாவது பொறுங்கள். நிஸ்டாக்மஸ் மேல்நோக்கியும் கீழ்க் காதுப் பக்கமாகச் சுழன்றும் அடித்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் துகள் இருப்பது பின் அரைவட்டக் கால்வாயில். அங்கேயே எப்லி (தலையைப் படிப்படியாகத் திருப்பித் துகளை வெளியே கொண்டுவரும் முறை) செய்யலாம். எப்லி தோற்பது பெரும்பாலும் இரண்டாவது நிலைக்குத் திருப்பும்போது தலை பின்சாய்வை இழப்பதால்தான். கடைசியில் உட்காரவைக்கும்போது தோளை விடாதீர்கள், திடீரென்று பின்னால் சரிவார்கள். கீழ்நோக்கி அடித்து அடங்காமல் நின்றால் எப்லி வேண்டாம், நியூராலஜிக்கு அனுப்புங்கள்.

விடாமல் சுற்றுகிற ஒருவருக்கு ஹெட் இம்பல்ஸ் நார்மலாக இருந்தால் நிம்மதி அடையாதீர்கள். அங்கே நார்மல்தான் ஆபத்து, மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். பார்க்கும் பக்கம் மாறும்போது நிஸ்டாக்மஸும் திசை மாறுவது, ஒரு கண் மேலே ஒரு கண் கீழே விலகுவது, பிடிக்காமல் நிற்க முடியாதது, பேச்சுக் குழறல் – இதில் ஒன்று இருந்தாலும் ரிப்போர்ட் எழுதிக்கொண்டிருக்காமல் எமர்ஜென்சிக்கு அனுப்புங்கள். ஆனால் இந்தக் கணக்கு அந்த நேரத்தில் சுற்றலும் நிஸ்டாக்மஸும் இருப்பவருக்கு மட்டும். வந்து வந்து போகும் பி.பி.பி.வி.காரருக்கு ஹெட் இம்பல்ஸ் நார்மலாகத்தான் இருக்கும்.

இன்டர்ன்24:

மிக்க நன்றி. ஒரே ஒரு சந்தேகம். டெஸ்டுக்கு முன்னால் மாத்திரையை நிறுத்தச் சொல்லலாமா?

அரைவட்டம்:

நாமாக நிறுத்தச் சொல்லக்கூடாது. சின்னரிசைன், புரோகுளோர்பெரசைன் போன்ற சுற்றல் மாத்திரைகளை 48 மணி நேரம் முன்பே நிறுத்தலாமா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்டு அவர் வழியாகச் சொல்லுங்கள். பி.பி., சர்க்கரை, வலிப்பு மாத்திரைகள் ஒருநாளும் நிற்கக்கூடாது. ‘எல்லா மாத்திரையும் வேண்டாம்’ என்று வாயால் சொன்னால் அதையும் சேர்த்து விட்டுவிடுவார்கள். நிறுத்த வேண்டியதன் பெயரையே அப்பாயின்ட்மென்ட் சீட்டில் தமிழில் எழுதுங்கள். அதற்குக் கீழே: கண் மை வேண்டாம், 2 மணி நேரம் முன்பு லேசாகச் சாப்பிடவும், வண்டி ஓட்டி வர வேண்டாம், கூட ஒருவர் வரவும்.