கற்பொறியும் புரிக்குழலும்: ஃபிளின்ட்லாக் ரைஃபிளுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஃபிளின்ட்லாக் ரைஃபிளுக்குத் தமிழில் ‘பழைய வேட்டைத் துப்பாக்கி’ என்ற பெயரே போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. வெடிமருந்து எப்படிப் பற்றுகிறது, குழலின் உட்புறம் எப்படி இருக்கிறது என்று இரண்டு செய்திகள் அந்தப் பெயரில் இருக்கின்றன.

விசையை இழுத்ததும் பாயும் சுத்தியான குதிரை கவ்விய சிக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரச, பொறி கிண்ணியிலுள்ள மருந்தில் விழுகிறது. அந்தத் தீ சிறு துளை வழியே குழலுக்குள் போகிறது. (குதிரை என்பது நம் பழைய வழக்கு, விட்டுவிட வேண்டாம்.) தமிழில் பொறி என்றால் தீப்பொறியும் ஆகும், இயந்திரமும் ஆகும். இங்கே இரண்டுமே பொருந்துவதால் ‘கற்பொறி’ என்கிறேன். திரியால் பற்றுவது திரிப்பொறி, சக்கரம் சுழன்று பற்றுவது சக்கரப்பொறி என்று வரிசையும் அமைந்துவிடும்.

சரி, ரைஃபிள்? 18ஆம் நூற்றாண்டுக் காலாட்படையின் மஸ்கெட் என்ற பள்ளமில்லாக் குழல் துப்பாக்கியும் கற்பொறிதான். ஜெர்மன் படைகளின் யேகர்கள் கொண்டுவந்தது வேறு. யேகர் என்றாலே வேட்டைக்காரர். காட்டுக் காவலர்களையும் வேட்டைக்காரர்களையும் அப்படியே படையில் சேர்த்தார்கள். அவர்களுடைய துப்பாக்கிக் குழலின் உள்ளே திருகிச் செல்லும் பள்ளங்கள் இருந்தன. குண்டு சுழன்று, குறி பிசகாமல் போகும். பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மன் கொல்லர்கள் அதை நீளமாக்கினார்கள். அமெரிக்க விடுதலைப் போரில், 1777இல் சரடோகாவில் அமெரிக்கத் தளபதி டேனியல் மார்கனின் வீரர்கள் ஏந்தியது அந்த வேட்டைத் துப்பாக்கியைத்தான். 1800இல் பிரிட்டன் ஏற்ற பேக்கர் ரைஃபிளும் யேகர் வழி வந்ததே: 7 பள்ளங்கள், 30 அங்குலக் குழலில் கால் சுற்று. ஆனால் பள்ளத்தில் இறுகப் பிடிக்கும்படி, எண்ணெய்த் துணியோ தோலோ சுற்றிய குண்டை இடித்து இறக்க நேரமாகும். மஸ்கெட் நிமிடத்துக்கு மூன்று முறை வெடிக்கும். ரைஃபிள் ஒன்றிரண்டு தடவைதான். அதனால்தான் எல்லாச் சிப்பாய்களுக்கும் இதைக் கொடுக்கவில்லை. பலமும் பலவீனமும் அந்தப் பள்ளத்திலேயே இருக்கும்போது, பெயரில் அது இல்லாமல் எப்படி?

‘மரை’ என்று யோசித்துப் பார்த்தேன். பட்டறையில் மரை என்றால் நெருக்கமான சுற்று. கால் சுற்றுக்கு ஒட்டவில்லை. கயிற்றின் புரி, வலம்புரிச் சங்கு இவற்றில் உள்ள ‘புரி’ சரியாக உட்காருகிறது. பழம்பாட்டில் ‘புரிகுழல்’ சுருண்ட கூந்தல் என்பதால், ‘புரிக்குழல் துப்பாக்கி’ என்று ஒற்று மிகுத்து எழுதலாம். முழுப்பெயர் ‘கற்பொறிப் புரிக்குழல் துப்பாக்கி’. நீளம்தான், முதல் தடவை முழுதாகச் சொல்லிவிட்டு அப்புறம் ‘புரிக்குழல்’ என்றால் போதும்.

மஸ்கெட்டின் பள்ளமில்லாக் குழலுக்கு ‘மொழுக்குழல்’ என்று குறித்து வைத்திருக்கிறேன், ஓசைதான் பிடிக்கவில்லை. வழவழப்பான உட்புறத்துக்கு உங்கள் ஊர்ப் பட்டறைகளில் வேறு சொல் புழங்கினால் எழுதுங்கள்.