நயாகரா வைன் தோட்டங்கள்: புளிப்புக்குக் காசு கொடுப்பதா?

ஏரிக்கரை:
ஒக்டோபர் முதல் வாரம் லண்டனில் இருந்து மச்சாள் குடும்பம் வருகிறது. நயாகரா நீர்வீழ்ச்சியை இரண்டு தடவை பார்த்துவிட்டார்கள். இந்த முறை அங்கே போகாமல், போகிற வழியில் இருக்கும் வைன் தோட்டங்களில் ஒரு நாளைக் கழிக்கலாம் என்பது என் யோசனை. பீம்ஸ்வில், ஜோர்டன் என்ற ஊர்கள் பக்கம் இரண்டு, நயாகரா-ஒன்-த-லேக் ஊரில் ஒன்று. வீட்டில் இதற்கே சண்டை. "ஐஸ்வைன் ஒரு போத்தல் வாங்கிக் கையில் கொடு, மற்றதெல்லாம் புளித்தண்ணி" என்கிறார் அத்தான் (ஐஸ்வைன் என்பது கொடியிலேயே உறைந்த திராட்சையைப் பிழிந்து செய்யும் இனிப்பு வைன்). போய் வந்தவர்கள் சொல்லுங்கள், போகலாமா?

பனங்கிழங்கு:
அத்தான் சொல்வதுதான் சரி. போன கோடையில் நாங்கள் நாலு பேர் மூன்று இடம் போனோம். ருசி பார்க்க ஒவ்வொரு இடத்திலும் ஆளுக்கு 20, 25 டாலர். அதற்கு ஊற்றியது நாலு வாய். மூன்றாவது இடத்தில் அந்தப் பிள்ளை பாடமாக்கிய கதையை மூச்சு விடாமல் ஒப்புவித்தது. வெள்ளை வைன் பல் கூசியது. சிவப்பில் ஒன்று, அப்போதுதான் கறிமிளகாய் வெட்டி வைத்தது போல மணந்தது. அதை விலை கொடுத்து வாங்க வேறு சொல்கிறார்கள்!

"குளிர்ப் பிரதேச வைன்" என்பது விற்பதற்கு வைத்த பெயர். நயாகரா இருப்பது வடக்கு அகலக்கோடு 43 பாகையில். அதே கோட்டில் ஐரோப்பாவுக்குப் போனால் தெற்குப் பிரான்ஸ் வரும். ஜூலையில் அந்தத் தோட்டத்தில் நின்று பாருங்கள், சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். இதில் எங்கே குளிர்? ஐஸ்வைன் மட்டும்தான் இந்த ஊருக்கென்று இருக்கும் சரக்கு. அதை வாங்கிக்கொண்டு நீர்வீழ்ச்சிக்கே போங்கள்.

சொதிப்பிரியை:
தம்பி, பாகையை வைத்து மட்டும் குளிரை அளக்க முடியாது. தெற்குப் பிரான்சில் மத்தியதரைக் கடல் காவல் இருக்கிறது. இங்கே ஜனவரியில் என்ன நடக்கிறது என்று கார்க் கண்ணாடியைச் சுரண்டுகிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? கொடி சாகாமல் தப்புவதே ஏரியால்தான். ஒன்ராறியோ ஏரி ஆழமான இடத்தில் 244 மீற்றர். அதனால் முழுவதும் உறைவது மிக அரிது. வசந்தத்தில் ஏரி குளிர்ந்து கிடப்பதால் மொட்டு அவசரப்பட்டு வெடிக்காது, பின்பனியில் கருகாது. இலையுதிர் காலத்தில் கோடைச் சூட்டை மெதுவாக விட்டுக்கொண்டிருக்கும், பழத்துக்கு இன்னும் சில வாரம் கிடைக்கும். நீர்வீழ்ச்சி விழுகிற அதே செங்குத்துச் சரிவுதான் பீம்ஸ்வில் பக்கம் தோட்டங்களுக்குப் பின்னால் சுவராக நிற்கிறது. ஏரிக்காற்று அதில் முட்டித் திரும்பி, குளிர்காற்று ஒரு இடத்தில் தேங்காமல் கலைத்துவிடும்.

இப்படிப் பழுக்கிற பழத்தில் இனிப்பு மெதுவாக ஏறும், புளிப்பு கரைந்து போகாது. இரவுகள் குளிர்ந்தால் இன்னும் நிற்கும். அந்தப் புளிப்பைத்தான் நீங்கள் குறை என்கிறீர்கள். தேசிக்காய் விடாத சொதியை யாராவது உங்களுக்குத் தந்தால் குடிப்பீர்களா?

கறிமிளகாய் மணந்தது அநேகமாகக் கபர்னே பிராங். அந்தத் திராட்சையின் பிறவிக் குணம் அது. சூடு போதாத வருடம் தூக்கலாக இருக்கும். நல்ல வருடத்துப் போத்தலில் பின்னணியில் மெல்ல வரும், முன்னால் சிவப்புப் பழ மணம் நிற்கும். நீங்கள் குடித்தது எந்த வருடத்தது?

பனங்கிழங்கு:
வருடம் பார்க்கவில்லை அக்கா. பில்லைத்தான் பார்த்தேன்.

மதுரைக்காரன்:
நடுவில் ஒரு சந்தேகம். டொராண்டோவில் இருந்து போகும்போது நெடுஞ்சாலை ஓரத் தோட்டங்களில் இரண்டு இறக்கை வைத்த உயரமான விசிறிகள் நிற்கின்றனவே, அது மின்சாரத்துக்கா? ஆரல்வாய்மொழிக் காற்றாலை மாதிரி என்று நினைத்து மகனிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

சொதிப்பிரியை:
மகனிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள். அது மின்சாரம் எடுக்காது, எரிபொருள் குடிக்கும். காற்றில்லாத உறைபனி இரவில் நிலத்தோடு குளிர்காற்று படிந்துவிடும். சற்று மேலே ஒப்பீட்டில் சூடான காற்று நிற்கும். விசிறி அதைக் கீழே இழுத்துக் கொடிகளோடு கலக்கும். இரண்டு மூன்று பாகை வித்தியாசத்தில் மொட்டு பிழைத்துவிடும். பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் அன்று தூக்கமில்லை, ஹெலிகொப்டர் இறங்கியது போலச் சத்தம்.

மதுரைக்காரன்:
நன்றி அக்கா. ஆனால் விவாதத்தில் நான் பனங்கிழங்கு பக்கம்தான். எனக்கு ஒயின் பெரிதாகத் தெரியாது. தெரியாதவனுக்கு அங்கே மரியாதை இல்லை, அதுதான் குறை. கிளாஸைச் சுழற்றச் சொல்கிறார்கள், மூக்கை விடச் சொல்கிறார்கள், "என்ன மணம் வருகிறது" என்று வாத்தியார் போலக் கேட்கிறார்கள். நான் "திராட்சை" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

இரவுவேலை:
நீங்கள் சொன்ன பதில்தான் அண்ணா உண்மையானது :)

மாணவனாக இருந்தபோது ஒரு குளிர்காலம் ஐஸ்வைன் அறுவடைக்குப் போனவன் நான். எல்லோரும் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறீர்கள், கிட்ட இருந்து எப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

டிசம்பரில் பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். மைனஸ் 8 பாகையோ அதற்குக் கீழோ போனால்தான் பறிக்கலாம், அது ஒன்ராறியோவின் விதி. இன்னும் கொஞ்சம் கீழே இறங்கட்டும் என்று தோட்டக்காரர் பார்த்துக்கொண்டே இருப்பார். எனக்குப் போன் வந்தது இரவு பதினொன்றரைக்கு. பறவை தின்னாமல் இலையுதிர் காலத்திலிருந்தே வலை போட்டிருப்பார்கள், அதை அவிழ்த்தால் உள்ளே குலைகள் பழுப்பாகச் சுருங்கித் தொங்கும். கையில் எடுத்தால் ஒவ்வொரு பழமும் விளையாடுகிற போளை, கோலிக்குண்டு மாதிரி. பெட்டியில் போடும்போது கடகடவென்று கேட்கும். கையுறைக்குள் விரல் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. அங்கேயே பக்கத்தில் பிழிவார்கள். தண்ணீர் ஐஸாகப் பழத்துக்குள் நின்றுவிடும், சாறு மட்டும் தேன் போலச் சொட்டும். சாதாரண வைனுக்குக் கிடைப்பதில் ஐந்தில் ஒரு பங்கு சாறு கிடைத்தாலே அதிர்ஷ்டம். அந்தச் சாற்றில் நூற்றுக்கு 35 பங்காவது சர்க்கரை இருந்தால்தான் ஐஸ்வைன் என்று எழுதலாம்.

ஆகவே விலை ஏன் அப்படி என்று எனக்குப் புரியும். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள், எங்கள் வீடுகளில் எத்தனை ஐஸ்வைன் போத்தல் திறக்கப்பட்டது? ஷோகேசில் பொம்மைக்குப் பக்கத்தில் பத்து வருடமாக நிற்கும். நான் ஏரிக்கரை அண்ணாவுக்குச் சொல்வது: ஐஸ்வைனை விடுங்கள், இனிப்பில்லாத ரீஸ்லிங்கை, அந்தப் பெயருள்ள திராட்சையின் வெள்ளை வைனை, குடித்துப் பாருங்கள்.

பனங்கிழங்கு:
அறுவடைக் கதை நன்றாக இருக்கிறது தம்பி, ஆனால் வரலாற்றை விட்டுவிட்டாய். நயாகராவுக்கு உலகத்தில் பெயர் எதனால் வந்தது? 1975இல் இன்னிஸ்கிலின் என்ற வைனரிக்கு உரிமம் கொடுத்தார்கள், மதுவிலக்குக் காலத்துக்குப் பிறகு ஒன்ராறியோவில் கொடுத்த முதல் புது வைனரி உரிமம். 1983இல் ஐஸ்வைனுக்கு விட்ட பழத்தைப் பறவைகள் தின்றுவிட்டன. அடுத்த வருடம் வலை போட்டு எடுத்தார்கள். விடால் என்ற திராட்சையில் செய்த அவர்களுடைய 1989 ஐஸ்வைன்தான் 1991இல் பொர்தோவில் நடந்த வினெக்ஸ்போ வைன் கண்காட்சியில் பெரிய பரிசு வாங்கியது. பிரெஞ்சுக்காரன் ஊரிலேயே! உங்கள் ரீஸ்லிங்குக்கா அந்தப் பெயர் வந்தது?

சொதிப்பிரியை:
பெயர் ஐஸ்வைனால் வந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஊர் மாறியது அதனால் மட்டும் இல்லை. அதற்கு முன் இங்கே பெரும்பாலும் கொன்கோர்ட் போன்ற உள்ளூர்த் திராட்சையில் இனிப்பு வைன்தான். 1988இல் அமெரிக்காவோடு சுதந்திர வர்த்தக ஒப்பந்தம் வந்தது. கலிபோர்னியா வைன் வந்து இறங்கினால் பிழைக்க முடியாது என்று அரசாங்கமே காசு கொடுத்துப் பழைய கொடிகளைப் பிடுங்க வைத்தது. அந்த நிலத்தில்தான் ரீஸ்லிங், சார்டனே, பினோ நுவார், கபர்னே பிராங் என்ற ஐரோப்பியத் திராட்சைகள் எல்லாம் பரவின. விக்யூஏ என்ற தர முத்திரையும் அதே 1988இல் வந்தது. பயந்துபோய்ச் செய்த வேலை, நல்லதாக முடிந்தது.

அப்புறம், நீங்கள் விரும்பும் ஐஸ்வைன் விஷயம். அவ்வளவு சர்க்கரை இருந்தும் அது பனம்பாணி போலத் திகட்டாமல் தொண்டையில் இறங்குவது எதனால்? அடியில் நிற்கிற புளிப்பால். புளிப்பும் சேர்ந்துதான் அந்தச் சாற்றில் திரள்கிறது. ஆக, நீங்களும் புளிப்புக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள், சர்க்கரை மறைத்துக்கொண்டிருக்கிறது.

பனங்கிழங்கு:
இது வக்கீல் வாதம். மறைத்தால் எனக்குச் சந்தோஷம்தானே? மறைக்காததற்கு ஏன் 25 டாலர்?

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் போன மூன்றும் பஸ் பஸ்ஸாக ஆட்கள் இறங்குகிற பெரிய இடங்கள். சிறிய இடம் போனதில்லை.

மதுரைக்காரன்:
சிறியதோ பெரியதோ, தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லையே. சாயங்காலம் அந்தக் கிராமத்து ரோட்டில் சைக்கிளில் கடைக்குப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மெக்சிகோ, ஜமைக்காவில் இருந்து பருவ வேலைக்கு வருகிறவர்கள். ஜமைக்காவோடு அந்தத் திட்டம் தொடங்கியது 1966இல், மெக்சிகோ சேர்ந்தது 1974இல். கொடியைக் கட்டுவதிலிருந்து குலையை அறுப்பது வரை அவர்கள் கை. ருசி பார்க்கும் அறையில் சொல்லும் கதையில் தாத்தா வருகிறார், பாட்டி வருகிறார், இவர்கள் மட்டும் வருவதே இல்லை. எனக்கு அதுதான் கசந்தது, ஒயின் இல்லை.

இரவுவேலை:
இதில் உங்கள் பக்கம்தான் நான். அன்று எங்களுக்குப் பக்கத்து வரிசையில் இருந்தவர் ஜமைக்கா அண்ணர் ஒருவர். பதினோராவது குளிர்காலமாம். நான் ஒரு பெட்டி நிரப்புவதற்குள் அவர் மூன்று. ஐஸ்வைன் குடித்திருக்கிறீர்களா என்று கேட்டேன். "ஒரு தடவை தந்தார்கள், எங்கள் ஊர் ரம் நல்லது" என்றார்.

இரண்டு பிள்ளை அம்மா:
யாருமே கேட்கவில்லை: கார் ஓட்டப் போவது யார்? மூன்று இடம், ஒவ்வொன்றிலும் நாலு வாய் என்றால் பன்னிரண்டு. ஒன்ராறியோவில் இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 தொட்டாலே முதல் தடவைக்கு 7 நாள் உரிமம் போகும், 0.08 என்றால் குற்ற வழக்கு. ஜி2 என்ற புது ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கிற பிள்ளைகளை ஓட்டச் சொன்னால் அவர்களுக்கு அந்த அளவு பூச்சியம்தான்.

ருசி பார்த்துவிட்டுத் துப்பலாம், தப்பில்லை. மேசையிலேயே அதற்கு ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். மாமாவைக் கூட்டிப் போனபோது அதைப் பார்த்து "இதென்ன, அப்பப்பாவின் படிக்கம் இங்கே வந்திருக்கிறது" என்றார். ஆனால் காசு கொடுத்ததைத் துப்ப மனம் வராமல் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, திரும்பும்போது ஹமில்ற்றன் வரை தேவாரம் பாடிக்கொண்டு வந்தார்.

சொதிப்பிரியை:
மாமா பாவம். ஏரிக்கரை, சுருக்கமாக என் யோசனை: மூன்று வேண்டாம், இரண்டு போதும், இரண்டும் பீம்ஸ்வில், ஜோர்டன் பக்கம் சிறிய இடங்களாகப் பாருங்கள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். லேசான இனிப்பு மிச்சமிருக்கிற ரீஸ்லிங் ஒரு போத்தல் வாங்கி வந்து, அன்று இரவு நண்டுக்கறியோடு குடித்துப் பாருங்கள். துவர்ப்பான சிவப்பு வைன் உறைப்பைக் கிளப்பிவிடும். இது அடக்கும். பனங்கிழங்கும் வந்தால் நண்டு நான் சமைக்கிறேன்.

பனங்கிழங்கு:
நண்டுக்கு வருகிறேன். ரீஸ்லிங் பற்றி வாக்குறுதி தர மாட்டேன்.

ஏரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. இரண்டு இடம் பதிந்துவிட்டேன். ரீஸ்லிங் பறிக்கிற காலமாம், தோட்டத்துக்குள்ளும் கூட்டிப் போகிறார்களாம். மதுரைக்காரன் சொன்னதை மனதில் வைத்து, அங்கே வேலை செய்கிறவர்களைப் பற்றி நானே கேட்கப் போகிறேன். ஓட்டுகிற பிரச்சினையும் தீர்ந்தது: புளித்தண்ணி என்று சொன்ன அத்தான்தான் சாரதி. ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார், வரும்போது அவருக்கு ஒரு ஐஸ்வைன் வாங்கித் தர வேண்டுமாம். ஷோகேசில் இடம் இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்க வேண்டும்.