புதுப்பிப்பு: செஸ் என்ஜினின் (செஸ் ஆடும் நிரலின்) எலோ, அதாவது பலத்தைக் காட்டும் புள்ளி, தானாக ஏறியதற்குக் காரணம் கற்றல் கோப்புத்தான்

கல்முனையில் உள்ள என் கணினியில் கியூட்செஸ் (என்ஜின்களை ஒன்றோடொன்று ஆட விடும் மென்பொருள்) போட்டி நீள நீள, ஸ்டாக்ஃபிஷ் என்ற பிரபல என்ஜினிலிருந்து பிரிந்த ஒரு என்ஜின் அதே எதிராளியிடம் கூடுதலாக வெல்கிறது, ஏன் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. மட்டக்களப்பு அண்ணா சொன்னதே சரி: எக்ஸ்பீரியன்ஸ் கோப்பு, அதாவது ஆடிய ஆட்டங்களில் கற்றதை என்ஜின் எழுதி வைக்கும் கோப்பு.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் என்ஜினை மறுபடி தொடங்க வைக்கும் 'ரீஸ்டார்ட்' தெரிவு உதவவில்லை. அது நினைவகத்தைத்தான் துடைக்கும். கோப்பு டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். போட்டிக்கு முன் கோப்பை அழித்து, என்ஜின் அமைப்பில் 'ரீட் ஒன்லி'யை (கோப்பை வாசிக்கலாம், எழுத முடியாது) இட்டதும் ஏற்றம் நின்றது. மூல ஸ்டாக்ஃபிஷில் இந்தக் கோப்பே இல்லை, அதனால் அதற்குச் சிக்கலில்லை.

எதிர்பாராதது ஒன்று. திறப்புகளை (ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை) பெரிய தொகுப்பிலிருந்து எழுமாறாக எடுத்தபோது, கற்றலை விட்டுவைத்தும் இரண்டு என்ஜின்களுக்கும் இடையிலான எலோ இடைவெளி பெரிதாகவில்லை. ஒரே சில திறப்புகள் திரும்பத் திரும்ப வந்தால்தான் கற்றது பயன்படுகிறது. அப்படிக் கிடைக்கும் புள்ளி காட்டுவது உண்மையான பலத்தை இல்லை, மனப்பாடத்தை. இரு பக்கத்துக்கும் சமமாக இருக்க, ஒவ்வொரு திறப்பையும் நிறம் மாற்றி இருமுறை ஆட விடுங்கள்.

இரண்டு ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஓட்டுபவர்கள் கவனம்: இரண்டும் ஒரே கோப்பில் எழுதினால் பதிவு குழம்பும், தனித்தனி ஃபோல்டர் வையுங்கள். 100 ஆட்டத்தில் பிழை எல்லை ஏறக்குறைய ±50 எலோ. சின்ன வித்தியாசத்தை அதை வைத்துச் சொல்லேலாது.