பில்டு லாக் வாய் திறக்காம மாட்டினதும், வாய் ஓயாம மாட்டினதும்

பில்டு லாக்னா புரோகிராமைக் கட்டும்போது ஓடுற வரிகளோட பதிவு. அது ரொம்பச் சுருக்கமா இருந்தும், ரொம்ப நீளமா இருந்தும் மாட்டின கதைகள் இங்க. நான் ஆரம்பிக்கிறேன், மத்தவங்களும் எழுதுங்க.

எம்பெடட் போர்டுக்கு பேக்கேஜ் கட்டுற வேலை எனக்கு. எங்க லாக் பார்க்க லட்சணமா இருக்கும். லினக்ஸ் கெர்னல் பில்டு மாதிரியே 'சிசி' (கம்பைலர் ஓடுதுன்னு அர்த்தம்), பக்கத்துல ஃபைல் பேரு, அவ்வளவுதான். ஆறு மாசம் கழிச்சு செக்யூரிட்டி ஆடிட்ல ஒருத்தர் கேட்டார்: "இந்த லைப்ரரியில ஸ்டாக் புரொடெக்டரே இல்லையே?"

அது கம்பைலருக்கு ஃப்ளாக் (ஆப்ஷன்) கொடுத்தா சேர்ற ஒரு பாதுகாப்பு. யாரோ மேக்ஃபைல்ல (எப்படிக் கட்டணும்னு எழுதி வைக்கிற ஃபைல்), அந்த ஃப்ளாக்கை வைக்கிற சிஃப்ளாக்ஸ் வரியில கூட்டல் குறி போடாம வெறும் சமக்குறி போட்டிருக்காங்க. என்விரான்மென்ட்ல இருந்து வந்த ஃப்ளாக் அத்தனையும் காலி. பில்டு ஒரு தடவைகூட ஃபெயில் ஆகலை, அதுதான் வயித்தெரிச்சல். கம்பைலர் கமாண்டு முழுசா லாக்ல இருந்திருந்தா, எந்தத் தேதியில போச்சுன்னு ஒரு கிரெப்ல (டெக்ஸ்ட் தேடுற கமாண்டு) பிடிச்சிருப்பேன். கமாண்டை முழுசா காட்டச் சொல்ற வி=1 போட்டு இப்ப ஓட்டினா இன்னைக்கு நிலவரம்தான் தெரியும். அன்னைக்கு பில்டு ஓடின கன்டெய்னர் (தற்காலிகச் சூழல்) எப்பவோ அழிஞ்சுபோச்சு.

*

அண்ணே, நமக்கு நேர் எதிர். ஜாவா, அதைக் கட்டுற மேவன் கருவி. ஒவ்வொரு பில்டுக்கும் புது மெஷின், கேஷ் கிடையாது. ஜார் (ஜாவா லைப்ரரி ஃபைல்) ஒண்ணொண்ணுக்கும் 'டவுன்லோடிங்' ஒரு வரி, 'டவுன்லோடட்' ஒரு வரி. தானா பில்டு ஓட்டுற சிஐ சர்வீஸ் ஒரு அளவுக்கு மேல லாக்கை வெட்டிடும். எர்ரர் வந்தது வெட்டுக்கு அந்தப் பக்கம். ரெண்டு நாள் போச்சு. மேவன் 3.6.1ல வந்த, அந்த டவுன்லோட் வரிகளை மறைக்கிற 'நோ டிரான்ஸ்ஃபர் புராகிரஸ்' போட்ட பிறகுதான் மூச்சு வந்துச்சு. உங்க கிரெப் இங்க வந்தா என்னத்தைத் தேடும்? லாக்கே பாதிதான் இருந்துச்சு.

*

அளவை விட வரிசைதாங்க என்னைக் கொன்னது. 16 ஜாப் ஒண்ணா ஓடும், கடைசி வரியில 'எர்ரர் 2'ன்னு மட்டும் நிக்கும். நிஜமான எர்ரர் ஆயிரம் வரிக்கு மேல, வேற நாலு ஃபைலோட வார்னிங்குக்கு நடுவுல. மேக்ஃபைலை ஓட்டுற க்னூ மேக் 4.0லயே (2013), அவுட்புட் கலக்காம காட்டுற அவுட்புட் சிங்க் வந்தாச்சு, யாரும் போடுறதில்லை. நின்ஜாங்கிற பில்டு கருவியில அந்தத் தொல்லை இல்லை: ஒவ்வொரு கமாண்டோட அவுட்புட்டையும் சேர்த்து வச்சு மொத்தமா கொட்டும், ஃபெயில் ஆனா அந்தக் கமாண்டையும் முழுசா காட்டும். எனக்கு அது போதும்.

*

முழுசா காட்டணும்ங்கிறவங்களுக்கு ஒண்ணு. டீபக் பண்ண ஷெல் ஸ்கிரிப்ட்ல, ஓடுற கமாண்டையெல்லாம் அப்படியே காட்டுற 'செட் எக்ஸ்' போட்டேன், எடுக்க மறந்துட்டேன். டெப்ளாய் டோக்கன் (சர்வர்ல ஏத்துறதுக்கான ரகசியச் சாவி) பச்சையா லாக்ல. கம்பெனியில பாதிப் பேர் பார்க்கிற லாக்.

*

முதல்ல எழுதினவன்தான். நின்ஜாக்காரருக்கு: ஃபெயில் ஆனாத்தானே காட்டும்? என் கேஸ்ல ஃபெயிலே ஆகலையே.

டெபியன்ங்கிற லினக்ஸோட பாலிசியில இதுக்கு வழி இருக்கு. பேக்கேஜ் பில்டு முடிஞ்சவரை விவரமா பேசணும்; சுருக்கம் வேணும்னா 'டெர்ஸ்' ஆப்ஷன் கொடுத்து வாங்கிக்கணும். லாக்கை மேய்ஞ்சு விட்டுப்போன ஹார்டனிங் (பாதுகாப்பு) ஃப்ளாக்கைச் சொல்ற பிஎல்ஹெச்சி கருவியும் அங்க உண்டு. வெறும் 'சிசி'யைக் கொடுத்தா அது எதைப் படிக்கும்?

இப்ப சர்வர்ல, லாக்கைச் சுருக்கிற சைலன்ட் ரூல்ஸை அணைச்சுட்டேன். என் லேப்டாப்ல இன்னமும் 'சிசி'தான், கண்ணுக்குக் குளிர்ச்சி. டோக்கன்காரரே, எங்க ஸ்கிரிப்ட்லயும் 'செட் எக்ஸ்' பார்த்த ஞாபகம். இருங்க, போய்ப் பார்த்துட்டு வர்றேன்.