‘அல்பேனியன்’ என்ற சொல்லை எங்கே சந்தித்தீர்கள்? – அனுபவப் பகிர்வு

பேர்ன்வாசி (சுவிட்சர்லாந்து)

நான் வேலை செய்யும் முதியோர் இல்லச் சமையலறையில், கொசோவோவின் பிரிஸ்ரன் நகரைச் சேர்ந்த மூத்த பெண்மணி ஒருவர் இருக்கிறார். ஜெர்மன் மொழியில் எல்லோரும் அவரை அல்பேனியர் என்றே குறிப்பிடுகிறோம். அவரோ தம் உறவினரோடு தொலைபேசியில் பேசும்போது அந்தச் சொல்லைத் தொடுவதே இல்லை. ஆணை ‘ஷ்சிப்தார்’ என்றும், பெண்ணை ‘ஷ்சிப்தாரே’ என்றும், மொழியை ‘ஷ்சிப்’ என்றும்தான் சொல்வார். 1912 நவம்பர் 28 அன்று வ்லோரா நகரில் அல்பேனியாவின் விடுதலை அறிவிக்கப்பட்டது. ஆண்டுதோறும் அந்நாளில் தமது அலுமாரிக் கதவில், சிவப்பு நிறத்தில் கறுப்பு இருதலைக் கழுகு பொறித்த சிறு கொடியொன்றை ஒட்டிவைப்பார். கழுகுக்குத் தம் மொழியில் ‘ஷ்சிபே’ என்று பெயர் என்றும், அதனால் தாங்கள் கழுகின் பிள்ளைகள் என்றும் அவர் விளக்கினார்.

மொழியியலாளர் பலர் இந்த விளக்கத்தை ஏற்பதில்லை. ‘ஷ்சிப்’ என்பதற்குத் தெளிவாக, விளங்கும்படி என்பதே அடிப்படைப் பொருள் என்றும், புரியும் மொழி பேசுவோர் என்ற கருத்தில் மக்களின் பெயர் அதிலிருந்து கிளைத்தது என்றும் அவர்கள் கருதுகிறார்கள். மொழியியலாளர் குஸ்டாவ் மேயர் இதற்கு லத்தீன் வேர் ஒன்றையும் காட்டினார். சுற்றி வளைத்துப் பேசும் ஒருவரைப் பார்த்து ‘ஷ்சிப்பில் பேசு’ என்றால், மறைக்காமல் நேராகச் சொல் என்று பொருளாம். இந்த வழக்கைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டாவது விளக்கமே வலுவானதாகத் தோன்றுகிறது. ஒன்றை மட்டும் வலியுறுத்த விரும்புகிறேன்: இதே சொல்லைச் செர்பிய மொழியில் ‘ஷிப்தார்’ என்று சொன்னால் அது இழிசொல்லாகவே கொள்ளப்படும். ஆகவே வெளியார் நாம் ‘அல்பேனியர்’ என்று அழைப்பதே மரியாதை.

பலெர்மோத் தமிழன் (சிசிலி)

பேர்ன் சகோதரரின் பதிவுக்கு நேர்மாறான அனுபவம் எனக்கு உண்டு. பலெர்மோவுக்குத் தெற்கே, மலைகளுக்கு நடுவில் பியானா தெல்யி அல்பனேசி என்ற சிற்றூர் இருக்கிறது. உஸ்மானியரை எதிர்த்துப் போரிட்ட அல்பேனியத் தலைவர் ஸ்கந்தர்பெக் 1468இல் இறந்த பின்னர், உஸ்மானியப் படையெடுப்புக்குத் தப்பிக் கடல் கடந்து வந்த அல்பேனிய மக்கள் 1488இல் நிறுவிய ஊர் அது. பெயர்ப்பலகைகளில் இத்தாலியத்தோடு அவர்களுடைய மொழியும் இருக்கும். ஈஸ்டர் நாளில், கிரேக்க முறைப்படி நடைபெறும் வழிபாடு முடிந்ததும், பொற்சரிகை வேலைப்பாடு நிறைந்த பட்டாடை உடுத்திய பெண்கள் ஊர்வலமாக வருவார்கள். இடுப்பில் அகன்ற வெள்ளி ஒட்டியாணம் அணிந்திருப்பார்கள். அதன் முகப்பில் புனிதரின் உருவம் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். சிவப்புச் சாயம் தோய்த்த முட்டைகளையும் வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள்.

அங்கே முட்டை கொடுத்த பாட்டி ஒருவரிடம் நீங்கள் ஷ்சிப்தாரா என்று கேட்டேன். அது கடலுக்கு அப்பால் இருப்பவர்களின் பெயர் என்றும், தாங்கள் ‘அர்பரேஷ்’ என்றும் அவர் உறுதியாகச் சொன்னார். காரணம் வரலாற்றில் இருக்கிறது. இடைக்காலத்தில் அம்மக்கள் எல்லோருமே தங்களை ‘அர்பர்’ என்ற வேரிலிருந்து பிறந்த பெயராலேயே அழைத்துக்கொண்டார்கள். தாயகத்தில் ‘ஷ்சிப்தார்’ பரவி நிலைபெற்றது 17, 18ஆம் நூற்றாண்டுகளில்தான். அதற்கு முன்பே கப்பலேறி வந்துவிட்டவர்கள் பழைய பெயரை இன்றுவரை காத்து வருகிறார்கள். அண்டை ஊரார் வழிபாட்டு முறையை மட்டும் பார்த்து அவர்களைக் கிரேக்கர் என்றே நினைத்தார்கள். அதனால் 1941 வரை அந்த ஊரின் அதிகாரப்பூர்வப் பெயரே ‘கிரேக்கர் சமவெளி’ என்றுதான் இருந்தது.

காயல் மாணவன்

அஸ்ஸலாமு அலைக்கும். அரபு மத்ரஸாவில் ஓதியவர்கள் இந்தச் சொல்லை அல்பேனியா என்ற நாட்டை அறியும் முன்பே அறிந்திருப்பார்கள். ஒரு நபிமொழி ஆதாரப்பூர்வமானதா என்ற விவாதம் எழும்போதெல்லாம் ‘அல்பானீ’ என்ற பெயர் வந்து நிற்கும். 1914இல் அல்பேனியாவின் ஷ்கோதர் நகரில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு டமாஸ்கஸ் சென்று, கடிகாரம் பழுதுபார்க்கும் தொழிலைச் செய்துகொண்டே ஹதீஸ் கலையில் பெயர் பெற்ற நாஸிருத்தீன் அல்பானீ அவர்கள் அவர். முஸ்னத் அஹ்மத் என்ற ஹதீஸ் தொகுப்பு நூலின் பதிப்பில் ஷுஐப் அல்அர்னாவூத் என்ற இன்னொரு அறிஞரின் பெயரும் இருக்கும். இருவரும் வெவ்வேறு நாட்டினர் என்று எண்ணிக்கொண்டிருந்த எங்களுக்கு, ‘அல்பானீ’ என்றாலும் ‘அர்னாவூத்’ என்றாலும் அல்பேனியர் என்பதே பொருள் என்று உஸ்தாத் ஒருநாள் விளக்கியபோது வியப்பாக இருந்தது. கிரேக்கர் ‘அர்வனிதிஸ்’ என்றதைத் துருக்கியர் எழுத்துகள் இடம் மாற ‘அர்னவுத்’ என்றார்கள்; அங்கிருந்து அது அரபுக்கு வந்தது. இஸ்தான்புல்லில் அர்னவுத்கோய் என்ற பகுதியே இருக்கிறது.

ஹார்ட்ஃபர்ட்ஷயர் வாசகி

லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் நகரில், ‘ஓல்டு அல்பேனியன்ஸ்’ என்ற பெயரில் ரக்பி ஆடுகிறார்கள். அவர்கள் பால்கன் நாட்டவர் அல்லர். உரோமர் காலத்தில் உயிர்த்தியாகம் செய்த புனித ஆல்பனின் பெயரைத் தாங்கிய பள்ளியின் முன்னாள் மாணவர் மரபில் வந்த பெயர் அது.

பேர்ன்வாசி

அனைவருக்கும் நன்றி. பலெர்மோ நண்பரின் ‘அர்பர்’ பற்றி மேலும் சொல்ல வேண்டும். 2ஆம் நூற்றாண்டில் புவியியல் அறிஞர் தாலமி ‘அல்பனோய்’ என்ற குடியையும் ‘அல்பனோபொலிஸ்’ என்ற ஊரையும் குறிப்பிடுகிறார். அதன் பின் பல நூற்றாண்டுகள் செய்தி இல்லை. 11ஆம் நூற்றாண்டில் பைசாந்திய வரலாற்றாசிரியர் மிக்கேல் அத்தலியாதிஸ் எழுத்தில் இம்மக்களின் பெயர் மீண்டும் வருகிறது. 1285ஆம் ஆண்டு, அட்ரியாட்டிக் கடற்கரை நகரான துப்ரோவ்னிக்கில் நடந்த வழக்கொன்றில், மலையில் ஒரு குரல் அல்பேனிய மொழியில் கூவக் கேட்டதாகச் சாட்சி ஒருவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. அம்மொழியைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு அதுவே.

‘அல்ப்’ என்ற வேருக்கு மலை என்றும் வெண்மை என்றும் இருவேறு பொருள்கள் கூறப்படுகின்றன, முடிவு எட்டப்படவில்லை. இன்றைய அசர்பைஜான் பகுதியில் இருந்த பண்டைய காகசஸ் அல்பேனியாவும் இதே பெயர் கொண்டது. ஆனால் அந்நாட்டின் மொழி, காகசஸ் பகுதியில் பேசப்படும் உதி மொழிக்கு நெருங்கிய உறவு. பால்கன் அல்பேனியத்தோடு அதற்குத் தொடர்பில்லை.

‘அர்பர்’ என்பதை வடக்கே ‘அர்பன்’ என்பார்கள். தெற்கு வழக்கில் ‘ர’ வரும் பல இடங்களில் வடக்கு வழக்கில் ‘ன’ வரும். வடக்கு வழக்கைப் பேசும் என் சக பணியாளர் அல்பேனியா நாட்டின் பெயரைக்கூட ‘ஷ்சிப்பெரியா’ என்னாமல் ‘ஷ்சிப்னியா’ என்று சொல்வது அதனால்தான்.